பி.எச்டி. ஆஃபர்: கடிதத்தில் இருக்கும் தொகையும் கைக்கு வரும் தொகையும்

வாசகர் கேள்வி – பதில்

உதவித்தொகையோடு முனைவர் பட்ட இடம் ஒன்றுக்கு மேல் கிடைத்து, எதை எடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் வாசகர்களின் கடிதங்களை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே தரும் தொகைகளும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. கையெழுத்திடும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கெமிக்கல் எஞ்சினியரிங்கில் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆஃபர் வந்திருக்கிறது. முதலாவது கடற்கரைப் பெருநகரத்தில் உள்ள தனியார் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 40,000 டாலர். இரண்டாவது மத்திய மேற்கில் ஒரு சின்ன ஊரில் அரசுப் பல்கலைக்கழகம், 24,000 டாலர். வீட்டில் எல்லோரும் முதலாவதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள். 16,000 டாலர் வித்தியாசம் இருக்கும்போது யோசிக்க வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்

யோசிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது கடிதத்தின் மூன்றாம் பத்தியைப் பாருங்கள்: 24,000 டாலர் என்பது ஒன்பது மாதத்துக்கு, ஆகஸ்ட் நடுவிலிருந்து மே நடுவரை. முதல் கடிதத்தின் 40,000 பன்னிரண்டு மாதத்துக்கு. ஒப்பிட வேண்டிய முதல் விஷயம் இதுதான். கோடை மூன்று மாதத்தில் சம்பளம் உண்டா, உண்டென்றால் கடிதத்தில் எழுதித் தருவார்களா, அல்லது ‘வழக்கமாக எல்லோருக்கும் கிடைத்துவிடும்’ என்று வாயால் மட்டும் சொல்கிறார்களா?

இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துப் பார்ப்போம். முதல் இடத்தில் மாணவர் கட்டணங்களையும் மருத்துவக் காப்பீட்டையும் பல்கலைக்கழகமே ஏற்கிறது. மத்திய, மாநில வருமான வரி தோராயமாக 3,700 டாலர் போகும். பகிர்ந்து தங்கும் அறைக்கு நீங்கள் விசாரித்த வாடகை மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000. மீதி 18,300. மாதம் சுமார் 1,525 டாலர்.

இரண்டாவது இடத்தில் கல்விக் கட்டணம் தள்ளுபடிதான். ஆனால் ‘மாணவர் கட்டணம்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. நூலகம், கணினி, பேருந்து, வெளிநாட்டு மாணவர் சேவை எல்லாம் சேர்த்து செமஸ்டருக்கு 900, ஆண்டுக்கு 1,800. காப்பீட்டில் உங்கள் பங்கு 1,200. வரி ஏறக்குறைய 1,400. வாடகை மாதம் 600, ஆண்டுக்கு 7,200. மீதி 12,400, அதாவது மாதம் 1,030 டாலர் அளவு. கோடைக்கும் இதே விகிதத்தில் சம்பளம் வந்தால் ஆண்டு வருமானம் 32,000 ஆகும். வரி 2,600 ஆக உயர்ந்தாலும் கையில் நிற்பது 19,200, மாதம் 1,600. கடிதத்தில் 16,000 டாலர் பின்தங்கியிருந்த இடம் சாப்பாட்டுக்கும் சேமிப்புக்கும் மிஞ்சும் பணத்தில் முந்திவிடுகிறது. ஆக, உங்கள் கேள்விக்கான விடை அந்த மூன்று கோடை மாதங்களில் இருக்கிறது. துறையின் கிராஜுவேட் கோஆர்டினேட்டருக்கு இன்றே எழுதிக் கேளுங்கள்: “கடந்த மூன்று ஆண்டுகளில் முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேருக்குக் கோடையில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை கிடைத்தது?” பதிலில் எண்ணிக்கை இருந்தால் நம்பலாம். எண்ணிக்கை தராமல் மழுப்பினால், ஒன்பது மாதச் சம்பளம்தான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்தியா – அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. எஃப்-1 மாணவர் விசாவில் முதல் ஐந்து ஆண்டுகள் ‘வரிக்கணக்கில் குடியிருப்பவர் அல்லாதவர்’ என்ற நிலையில் இருக்கும்போதே நிலைக் கழிவை (வரி போடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) எடுத்துக்கொள்ளலாம். பிற நாட்டு நண்பர்கள் பெரும்பாலோருக்கு இது கிடையாது, அதனால் அவர்கள் சொல்லும் வரிக் கணக்கை உங்களுக்குப் பொருத்தாதீர்கள். டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) சம்பளத்தில் வரியை மாதாமாதம் பிடித்துவிடுவார்கள். வேலைக் கடமை இல்லாத ஃபெல்லோஷிப்பாக வந்தால் பல இடங்களில் முன்கூட்டியே 14 சதவீதம் பிடித்துக்கொண்டு, அதிகமாகப் பிடித்ததை நீங்கள் கணக்குத் தாக்கல் செய்தபின் திருப்பித் தருவார்கள்.

அடுத்து, பணம் எத்தனை ஆண்டுக்கு என்பது. ‘ஐந்து ஆண்டு உறுதி’ என்பதும் ‘படிப்பில் முன்னேற்றமும் நிதி இருப்பும் இருந்தால் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்’ என்பதும் ஒன்றல்ல. முதல் ஆண்டு ஃபெல்லோஷிப், பிறகு நான்காண்டு டி.ஏ. என்றால், வாரம் 20 மணி நேரம் வரை வகுப்பு, லேப், விடைத்தாள் என்று போகும். முதல் இரண்டு ஆண்டுகளில் டி.ஏ. வேலை பார்ப்பது நல்லதுதான், கற்பிக்கப் பழகுவீர்கள். நான்காம், ஐந்தாம் ஆண்டிலும் ஒவ்வொரு செமஸ்டரும் டி.ஏ. என்றால் தீசிஸ் தள்ளிப்போகும். வெளிநாட்டு மாணவர் டி.ஏ. ஆவதற்குத் தனியாக ஆங்கிலப் பேச்சுத் தேர்வு இருக்கிறதா, அதில் தவறினால் அந்த செமஸ்டரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யாரும் கேட்காத கேள்வி இது.

எந்த இடத்தை எடுத்தாலும் கையில் 3,000 முதல் 4,000 டாலர் கொண்டுபோங்கள். ஆகஸ்டில் இறங்கினால் முதல் சம்பளம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில்தான் வரும். அதற்குள் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, படுக்கை, பாத்திரம் எல்லாம் வாங்கியாக வேண்டும்.

ஒரு இடத்தில் துறையில் பெயர்பெற்ற பேராசிரியர்; ஆய்வகத்தில் 17 பேர். இன்னொரு இடத்தில் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர், மூன்று மாணவர்கள். இருவரும் ஜூமில் நன்றாகவே பேசினார்கள். யாரை நம்பிப் போவது? – வாசகர், திருச்சி

ஆள் சேர்க்கும் நேரத்தில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். அவரிடம் படிப்பவர்களிடமும் படித்துவிட்டுப் போனவர்களிடமும் பேசுங்கள்.

முதலில் ஆய்வக இணையப்பக்கத்தைத் திறந்து, இப்போதைய மாணவர், முன்னாள் மாணவர் இரு பட்டியலையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே பக்கத்தின் மூன்று, நான்கு ஆண்டு பழைய நகலை வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் எடுத்துப் பாருங்கள். அன்று மாணவராக இருந்து, இன்று இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்கள் ஏதாவது உண்டா? அவர்களில் பலர் பாதியில் விலகியவர்களாகவோ வேறு நெறியாளரிடம் மாறியவர்களாகவோ இருப்பார்கள். ஒருவர் என்றால் அது அவருடைய சொந்தக் காரணமாக இருக்கலாம். நான்கு பேர் என்றால் காரணம் ஆய்வகத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவருக்காவது மரியாதையாக நான்கு வரி எழுதுங்கள். பெரும்பாலும் பதில் வரும்.

இப்போதைய மாணவர்களிடம் மின்னஞ்சலில் கேட்காதீர்கள். கைடைப் பற்றி எழுத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தொலைபேசியில் தனியாகப் பேசுங்கள், ஒருவரோடு நிறுத்தாமல் மூன்று பேரிடம். ‘சார் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லவர்’ என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை முறை உங்களைத் தனியாகச் சந்திக்கிறார்? பேப்பர் டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தி வருகிறது? முதல் ஆசிரியர் யார் என்பது வேலை தொடங்கும்போதே முடிவாகிறதா, எழுதி முடித்த பிறகா? ஊருக்குப் போக மூன்று வாரம் லீவு கேட்டால் என்ன சொல்வார்? கடைசியாக முடித்த ஐந்து பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது? எல்லாம் கேட்டுவிட்டு, இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதே இடத்துக்கு வருவீர்களா என்று கேளுங்கள். பதிலுக்கு முன் எத்தனை நொடி மௌனம் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

17 பேர் ஆய்வகத்தில் அன்றாடம் உங்களுக்கு வழிகாட்டப்போவது பேராசிரியராக இருக்காது. பி.எச்டி. முடித்து அங்கே வேலை பார்க்கும் ஒரு போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருக்கும். அவர் யார், இன்னும் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார் என்று பாருங்கள். பேராசிரியர் ஓய்வை நெருங்குகிறாரா, அடுத்த ஆண்டு விடுப்பில் வெளிநாடு போகிறாரா என்பதும் தெரிய வேண்டும்.

உதவிப் பேராசிரியர் பக்கம் கணக்கு வேறு. அமெரிக்காவில் நிரந்தரப் பணிக்கான பரிசீலனை வழக்கமாக ஆறாம் ஆண்டில் நடக்கும். உங்களவர் நான்கு ஆண்டு முடித்துவிட்டார். நீங்கள் சேரும்போது அவருக்கு ஐந்தாம் ஆண்டு. ஆக, முடிவு வருவது உங்கள் இரண்டாம் ஆண்டில். கிடைக்காவிட்டால் பொதுவாக மேலும் ஓராண்டு இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது நீங்கள் தகுதித் தேர்வை முடித்து, தீசிஸ் வேலையின் நடுவில் நிற்பீர்கள். இதற்காக அவரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அந்த நிலையில் இருக்கும் இளம் பேராசிரியர்தான் மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து டேட்டாவைப் பார்ப்பார், முதல் பேப்பரை வரிக்கு வரி திருத்துவார். அவருடைய பணி உயர்வு உங்கள் பேப்பர்களில் இருக்கிறது. துறைத் தலைவரிடம் ஒன்றை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்: “இவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் என் உதவித்தொகை துறையோடு நிற்குமா, அவரோடு போகுமா?” இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் எவ்வளவு நாளைக்கு இருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப். தரும் நிதி என்றால் அதன் அவார்டு சர்ச் பக்கத்தில் பேராசிரியர் பெயரைப் போட்டால் தொகையும் முடிவுத் தேதியும் வந்துவிடும். மருத்துவ ஆராய்ச்சி என்றால் என்.ஐ.எச். ரிப்போர்ட்டர், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச் என்ற தளங்கள். எல்லாம் இலவசம். நீங்கள் சேரும் ஆண்டிலேயே முடியும் ஒரே ஒரு நிதியை நம்பி ஓடும் ஆய்வகமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் கருத்து: எந்தத் துறையில் நீங்கள் மனமாரச் சேரக்கூடிய கைடு குறைந்தது இரண்டு பேர் இருக்கிறார்களோ, அதை எடுங்கள். ஒருவரையே நம்பிப் போகும் இடத்தில் அவர் மாறினால் உங்களுக்கு மாற்று இல்லை. உயிரியல் துறைகள் பலவற்றில் முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுக் கைடைத் தேர்ந்தெடுக்கும் முறை இருக்கிறது. பெயரைவிட இது பெரிய பாதுகாப்பு.

மார்ச் முதல் வாரம் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆஃபர் தந்து ஏழு நாளில் பதில் கேட்கிறது. நான் அதிகம் விரும்பும் இடத்திலிருந்து இன்னும் முடிவு வரவில்லை. ஏற்றுக்கொண்டு, அது வந்தால் விட்டுவிடலாமா? – வாசகர், மதுரை

வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை. அமெரிக்காவின் கிராஜுவேட் பள்ளிகள் பேரவை வைத்திருக்கும் ‘ஏப்ரல் 15 தீர்மானம்’ என்ற உடன்படிக்கையில் பெரும்பாலான ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அதன்படி, உதவித்தொகையோடு கூடிய ஆஃபருக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கடமை இல்லை. கையெழுத்திட்டவர்களின் பட்டியல் பேரவையின் இணையதளத்தில் இருக்கிறது. முதலில் அதில் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். இருந்தால் கோஆர்டினேட்டருக்கு மூன்று வரி: நன்றி, உங்கள் துறையில் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது, ஏப்ரல் 15 தீர்மானத்தின்படி அந்தத் தேதிக்குள் முடிவைச் சொல்கிறேன். ‘விதியை மீறுகிறீர்கள்’ என்ற தொனி வேண்டாம். சில நேரம் அந்த ஏழு நாள் கெடு துறையினுடையதாக இருக்காது. ஒரு பேராசிரியர் தன் ப்ராஜெக்டுக்கு ஆள் வேண்டும் என்று தானே வைத்ததாக இருக்கும்.

அதே நாளில், நீங்கள் விரும்பும் இடத்துக்கும் எழுதுங்கள்: வேறு ஆஃபர் வந்திருக்கிறது, உங்கள் துறைதான் என் முதல் விருப்பம், என் விண்ணப்பத்தின் நிலையைத் தெரிவிக்க முடியுமா? முதல் விருப்பம் என்று ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் எழுத வேண்டும். துறைகள் சிறியவை, பேராசிரியர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள்.

இந்தத் தீர்மானம் ஐரோப்பாவுக்குப் பொருந்தாது. அங்கே முனைவர் இடம் என்பது பெரும்பாலும் வேலை ஒப்பந்தம். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் பதில் கேட்பது சகஜம். கூடுதலாக ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் இழுக்க முடியாது.

கையில் மூன்று ஆஃபர் இருந்து, மூன்றாவதற்குப் போகப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே மறுத்து எழுதிவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு மாணவர் அந்த இடத்துக்காக உட்கார்ந்திருக்கிறார். ஏப்ரல் 14ஆம் தேதி இரவு விட்டுக்கொடுப்பது அவருக்குப் பயன்படாமலே போகலாம். ஏற்றுக்கொள்ளும் முன் இன்னொன்றும் எழுத்தில் வாங்குங்கள்: விசா தாமதமானால் சேர்க்கையோடு உதவித்தொகையும் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைக்கப்படுமா? சேர்க்கையை மட்டும் தள்ளிவைத்துப் பணத்தை விட்டுவிடும் துறைகளும் உண்டு.

எனக்கு 31 வயது. கணவரும் நான்கு வயது மகனும் உடன் வருவார்கள். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி மூன்றிலும் இடம் இருக்கிறது. – வாசகி, சேலம்

குடும்பத்தோடு போகிறவருக்கு முதல் கேள்வி கணவர் வேலை பார்க்க முடியுமா என்பது. அமெரிக்காவில் மாணவரின் குடும்பத்துக்குத் தரும் எஃப்-2 விசாவில் முடியாது. ஒரு ஸ்டைபண்டில் மூன்று பேர் ஐந்து ஆண்டு ஓட்ட வேண்டும். உங்களுக்குக் கொடுத்த காப்பீட்டில் அவர்கள் இருவரும் இருக்க மாட்டார்கள், தனியாகக் கட்டியாக வேண்டும்.

பிரிட்டனில் ஆராய்ச்சி மாணவரின் துணைவர் வேலை பார்க்கலாம். 2024 ஜனவரிக்குப் பிறகு குடும்பத்தை அழைத்துவரும் உரிமை பெரும்பாலும் ஆராய்ச்சிப் படிப்பினருக்குத்தான் மிஞ்சியிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் யு.கே.ஆர்.ஐ. (பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு) உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு 2025–26க்கு 20,780 பவுண்டு. வருமான வரி இல்லை. இடறும் இடம் சுகாதாரக் கட்டணம். ஆளுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்று பேர், நான்கு ஆண்டு என்றால் 9,312 பவுண்டு. பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் இந்தத் தொகை, முதல் மாத ஸ்டைபண்ட் வருவதற்கு முன்பே உங்கள் கையைவிட்டுப் போகும். பல்கலைக்கழகம் உங்கள் பங்கை மட்டுமாவது ஏற்குமா என்று கேளுங்கள், சில ஏற்கின்றன. அறிவியல், பொறியியல் துறை என்றால் ஏ.டி.ஏ.எஸ். என்ற பாதுகாப்பு அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அது கைக்கு வராமல் விசா விண்ணப்பம் நகராது.

ஜெர்மனியில் உங்களுக்கு வந்திருப்பது அரசுப் பணி ஊதிய அட்டவணையின் இ-13 நிலையில் 65 சதவீத நேரத்துக்கான வேலை ஒப்பந்தம். சம்பளத்தில் வரி, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் பிடிப்பார்கள். அதனால் சொல்லும் தொகைக்கும் வங்கிக்கு வரும் தொகைக்கும் இடைவெளி பெரிது. ஆனால் பொது மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத கணவரும் மகனும் கூடுதல் கட்டணம் இன்றி அடங்குவார்கள், கணவர் வேலையும் தேடலாம். அவருக்கு வேலை கிடைக்கும்வரை உங்களுக்கு, ஒருவரே சம்பாதிக்கும் தம்பதியருக்கு ஏற்ற மூன்றாம் வரி வகுப்பைக் கேட்டால் பிடித்தம் குறையும். 65 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் ஆய்வு வேலை முழு நேரமாகத்தான் இருக்கும் என்பதைத் தெரிந்து போங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு, நீட்டிப்பு வழக்கமா என்று கேளுங்கள். இதே இடம் ஒப்பந்தமாக இல்லாமல் ஊக்கத்தொகையாக இருந்திருந்தால் காப்பீட்டை நீங்களே கட்ட வேண்டியிருக்கும், ஓய்வூதியக் கணக்கும் சேராது. நீங்கள் எழுதிய நிலைமைக்கு ஜெர்மனி ஒப்பந்தத்தையே எடுக்கச் சொல்வோம்.

என் மகனுக்கு ஒரு ஐ.ஐ.டி.யில் உதவித்தொகையோடு பி.எச்டி. இடமும், இங்கே அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் ப்ராஜெக்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) இடமும் கிடைத்திருக்கின்றன. இரண்டிலும் மாதம் 37,000 ரூபாய்தான். வீட்டிலிருந்தே போய்வரலாமே? – ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஐயா, தொகை ஒன்றுதான். அது நிற்கும் அடித்தளம் வேறு. ஐ.ஐ.டி. உதவித்தொகை மாணவர் பெயரில் இருக்கிறது: முதல் இரண்டு ஆண்டு 37,000, மதிப்பீட்டுக்குப் பின் 42,000, முன்னேற்றம் சரியாக இருந்தால் ஐந்தாண்டு வரை. ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். தொகை ப்ராஜெக்டின் பெயரில் இருக்கிறது. மூன்றாண்டு ப்ராஜெக்டில் ஓராண்டு ஏற்கனவே ஓடிவிட்டிருந்தால் மகனுக்கு மீதி இரண்டே ஆண்டு. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. இடைப்பட்ட காலத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? ப்ராஜெக்டில் சேர்வதும் பி.எச்டி.க்குப் பதிவு செய்வதும் இரண்டு தனி வேலைகள். சேர்ந்து ஓராண்டு கழித்துப் பதிவு நடந்தால் அந்த ஓராண்டு கணக்கில் வராது.

அந்தப் பேராசிரியரிடம் இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் அவர் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். மகன் தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதித் தன் பெயரிலேயே ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் நிலைமை மாறும். அதை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோகலாம். அதுவரை ஐ.ஐ.டி.தான் சரி. விடுதியில் தங்கினால் வீட்டு வாடகைப் படி கிடையாது என்பதைக் கணக்கில் வையுங்கள். எங்கே சேர்ந்தாலும் மூன்று நான்கு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கட்டும். உதவித்தொகை மாதாமாதம் ஒரே தேதியில் வரும் என்று நம்பிக் கடன் தவணை எதையும் தொடங்க வேண்டாம்.

தகுதிகாண் விரிவுரையாளராக இருக்கிறேன். சம்பளத்துடன் மூன்று வருடக் கல்வி விடுமுறை கிடைக்கும். அவுஸ்திரேலியாவில் ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் ஒன்றும், அமெரிக்காவில் ஐந்து வருடக் கலாநிதிப் பட்டத்துக்கான இடமும் கிடைத்துள்ளன. – வாசகர், யாழ்ப்பாணம்

உங்களிடம் முதுகலை ஆராய்ச்சிப் பட்டமும் தெளிவான தலைப்பும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஆஸ்திரேலியா. அங்கே பெரும்பாலும் பாடவகுப்பு இல்லை. முதல் ஆண்டு வாக்கில் ஒரு உறுதிப்படுத்தல் மதிப்பீடு, பிறகு நேராக ஆய்வேடு. ஆஸ்திரேலிய அரசின் ஆர்.டி.பி. ஆராய்ச்சிப் புலமைப்பரிசில் பல பல்கலைக்கழகங்களில் மூன்றரை ஆண்டு வரை போகும். 2025இல் அடிப்படைத் தொகை 33,511 ஆஸ்திரேலிய டாலர், முழுநேர மாணவருக்கு வரி இல்லை. விடுப்புக்கு மேலாக நீளக்கூடியது ஆறு மாதம்தான். அமெரிக்காவில் இரண்டு ஆண்டு நீளும். அங்கே முதல் இரண்டு ஆண்டு பாடங்களும் தகுதித் தேர்வுமாகப் போகும். நாங்கள் மேலே சொன்ன இந்திய வரிச் சலுகையும் உங்களுக்கு இல்லை. கையெழுத்திடும் முன் உங்கள் பிணைமுறியில் (விடுமுறைக்காக எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தப் பத்திரம்), பட்டம் முடியாமல் திரும்பினால் என்ன, தாமதமாகத் திரும்பினால் என்ன என்ற இரண்டு வாசகங்களையும் நிர்வாகப் பிரிவில் உட்கார்ந்து வாசித்துவிடுங்கள்.

40 சதவீதக் கட்டணத் தள்ளுபடியோடு இடம் தந்திருக்கிறார்கள். ‘சேர்ந்த பிறகு ஆர்.ஏ. பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார் பேராசிரியர். கடன் வாங்கிப் போகலாமா? – வாசகர், திருநெல்வேலி

போக வேண்டாம். அறிவியல், பொறியியலில் பி.எச்டி.க்கு முழு நிதி தருவதுதான் நடைமுறை. தரவில்லை என்றால் துறையிடம் பணம் இல்லை, அல்லது உங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் வரிசையில் இருக்கிறார்கள். எந்த செமஸ்டரிலிருந்து, மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், மீதிக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற நான்கையும் துறையின் கடிதத்தாளில் எழுதித் தர முடியுமா என்று அவரிடம் கேளுங்கள். தந்தால் மறுபடி எங்களுக்கு எழுதுங்கள். தராவிட்டால் இந்த ஆண்டை விட்டுவிட்டு, டிசம்பர் கெடுவுக்கு வேறு பத்து இடங்களுக்கு விண்ணப்பியுங்கள்.